வீட்டை விலை பேசும் வேன்

பழைய ஃபோக்ஸ்வேகன் வேன் வீட்டைவிட அதிக விலைக்குப் போகிறது என்று அவ்வப்போது செய்தி வரும். 2011 ஜூன் மாதம், கலிஃபோர்னியாவின் கோஸ்டா மெசா நகரில் நடந்த பாரட்-ஜாக்சன் ஏலத்தில் 1963-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் வேன் ஒன்று மேடைக்கு வந்தது. இருபத்து மூன்று சன்னல்கள் கொண்ட 'சம்பா' ரகம். போட்டி ஏறிக்கொண்டே போய் 1,98,000 டாலரில் சுத்தியல் விழுந்தது. வாங்குபவர் தரவேண்டிய பத்து சதவீதக் கமிஷனையும் சேர்த்தால் 2,17,800 டாலர். அந்த ஆண்டு அமெரிக்காவில் கைமாறிய பழைய வீடுகளின் இடைநிலை விலை 1,66,000 டாலரை ஒட்டி இருந்தது. அதாவது விற்ற வீடுகளில் பாதி அதற்கும் கீழே. அப்படி ஒரு வீட்டை வாங்கி, மிச்சப் பணத்தில் வாசலில் நிறுத்த ஒரு புதுக் காரும் வாங்கியிருக்கலாம். 2017-இல் அதே நிறுவனத்தின் இன்னொரு ஏலத்தில் இருபத்தொரு சன்னல் வேன் ஒன்று 3,02,500 டாலரைத் தொட்டது.

வீடு என்றதும் நமக்குச் சதுர அடிக் கணக்குத்தான் முதலில் வரும். அதையும் போட்டுப் பார்த்துவிடலாம். இந்த வேனின் நீளம் 4.28 மீட்டர், அகலம் ஒன்றே முக்கால் மீட்டர். பம்பரிலிருந்து பம்பர்வரை வெளியே அளந்தாலும் எண்பது சதுர அடிதான். டிரைவர் இருக்கை, பின்பக்க எஞ்சின் அறை எல்லாம் அதற்குள் அடக்கம். 2011 ஏல விலைப்படி சதுர அடி சுமார் 2,700 டாலர் ஆகிறது. கழிப்பறை கிடையாது. சம்பாவில் படுக்கையும் கிடையாது. அது சுற்றுலாப் பயணிகளை மலைப்பாதையில் ஏற்றிச் செல்லச் செய்த சொகுசு பஸ், தூங்குவதற்கான வண்டியே அல்ல. கூரை ஓரத்தில் எட்டுச் சிறு கண்ணாடிகள், நடுவில் சுருட்டித் திறக்கும் துணிக்கூரை. கொடுத்த பணத்துக்கு வானத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மாதிரி ஒப்பீடு படிக்கச் சுவையானது. ஆனால் தராசின் இரண்டு தட்டுகளையும் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். 2006-க்குப் பின் சரியத் தொடங்கிய அமெரிக்க வீட்டு விலை, 2012 தொடக்கத்தில்தான் தரைதட்டியது. 2011 ஏலம் நடந்தபோது வீடு ஏறக்குறைய பள்ளத்தின் அடியில் கிடந்தது. மேலும், 1,66,000 என்பது ஒஹாயோ, மிச்சிகன் எல்லாவற்றையும் சேர்த்த நாடு தழுவிய கணக்கு. ஏலம் நடந்த ஆரஞ்சு மாவட்டத்தில் வீட்டு விலை வேன் விலையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மைதானத்துக்கு வெளியே வந்து அதே பணத்தில் அக்கம்பக்கத்தில் ஒரு தனி வீடு தேடியிருந்தால் கால் தேய்ந்திருக்கும்.

ஆகவே வேன் வீட்டை முந்திவிட்டதா என்று கேட்டால், ஊரைப் பொறுத்து, ஆண்டைப் பொறுத்து, எந்த வேன் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். என் கட்சி வேறு. வேனின் விலையை இந்த உயரத்துக்குத் தூக்கிவிட்டதே வீடுதான்.

அதற்கு முன் இந்த வண்டி எதற்காகப் பிறந்தது என்று பார்த்துவிடுவோம். 1947-இல் ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பர்க் ஆலை பிரிட்டிஷ் ராணுவத்தின் மேற்பார்வையில் இருந்தது. பீட்டில் காரின் அடிச்சட்டத்தின் மேல் பலகை அடித்து, உதிரிபாகங்களை ஆலைக்குள்ளேயே இழுத்துச் செல்ல ஒரு தள்ளுவண்டி மாதிரியைத் தொழிலாளர்கள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கார் இறக்குமதி செய்ய வந்திருந்த டச்சு வியாபாரி பென் பான் அதைப் பார்த்தார். ஏப்ரல் 23-ஆம் தேதி தன் குறிப்பேட்டில் ஒரு படம் கிறுக்கினார்: ரொட்டித்துண்டு போன்ற ஒரு பெட்டி, முன்நுனியில் ஓட்டுநர், பின்நுனியில் எஞ்சின், நடுவில் 750 கிலோ சரக்கு. 1950 மார்ச்சில் உற்பத்தி தொடங்கியது. 1,131 சி.சி. எஞ்சின், 25 குதிரைத்திறன், காற்றாலேயே குளிரும் ஏற்பாடு. சரக்கு வேனின் விலை 5,850 மார்க்.

ரொட்டிக் கடைக்காரர், பிளம்பர், தபால்காரர், ஆம்புலன்ஸ் என்று வண்டி ஊரெல்லாம் ஓடியது. 1951-இல் வெஸ்ட்ஃபாலியா என்ற கூண்டு கட்டும் நிறுவனம், வேனுக்குள் எடுத்து வைக்கவும் கழற்றவும் கூடிய ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்தது. சனிக்கிழமை உள்ளே வைத்தால் படுக்கையும் சமையல் மேடையும். திங்கட்கிழமை கழற்றினால் பழையபடி சரக்கு வண்டி. கேம்பர் வேன் என்ற சரக்கு இப்படித்தான் சந்தைக்கு வந்தது. தனியாக ஒரு கார், தனியாக ஒரு வேன், விடுமுறைக்குத் தனியாக ஒரு ஹோட்டல் அறை என்று செலவழிக்க முடியாத குடும்பத்துக்கு ஒரே வண்டியில் மூன்றையும் அடக்கிக் கொடுத்ததுதான் அதன் சாமர்த்தியம். பிரிட்டனில் டெவன், டான்பரி, டோர்மொபைல் போன்ற பட்டறைகள் இதே வேலையைச் செய்தன. 1962-இல் பத்து லட்சமாவது வேன் வெளியே வந்தது.

அறுபதுகளில் இளைஞர்கள் இதன் மேல் பூவும் சமாதானச் சின்னமும் வரைந்ததில் தத்துவம் இருந்திருக்கலாம். பழைய வண்டிச் சந்தையில் இது மலிவாகக் கிடைத்தது என்பது அதைவிடப் பெரிய காரணம். கும்பலாக ஏறலாம், உள்ளேயே தூங்கலாம், எஞ்சினைச் சாலையோரத்தில் இறக்கி மாட்டலாம். 1976-இல் ஆப்பிளைத் தொடங்கப் பணம் வேண்டியபோது ஸ்டீவ் ஜாப்ஸ் விற்றதும் இப்படியொரு வேனைத்தான். கூட்டாளி ஸ்டீவ் வாஸ்னியாக் கால்குலேட்டரை விற்றார். இரண்டும் கைச்செலவுக்கு விற்கிற பொருள்கள் என்ற வரிசையில்தான் அன்று இருந்தன.

பிறகு எப்படி அரிதானது? முதல் தலைமுறை வேன்கள், அதாவது முன்கண்ணாடி நடுவில் பிரிந்திருக்கும் வகை, 1967 வரை ஏறக்குறைய 18 லட்சம் செய்யப்பட்டன. இது சின்ன எண்ணிக்கை இல்லை. ஆனால் உழைப்பதற்காக வாங்கிய வண்டியை யாரும் போர்த்திப் பாதுகாக்க மாட்டார்கள். தேயும்வரை ஓட்டினார்கள், தேய்ந்ததும் உடைத்தார்கள். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் அடித்தகடு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மக்கிப்போனது. கலிஃபோர்னியா, அரிசோனா போன்ற உலர்ந்த மாநிலங்களில்தான் உடல் கெடாத வண்டிகள் மிஞ்சின. அவற்றைத் தேடிப் பிடித்துக் கப்பலேற்றி, பிறந்த கண்டத்துக்கே திருப்பிக் கொண்டுவருவது பின்னாளில் ஒரு தனி வியாபாரமானது.

இதில் கோழிக்கும் ஒரு பங்கு உண்டு. அறுபதுகளின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி போட்டன. பதிலுக்கு அதிபர் லிண்டன் ஜான்சன் அரசு, 1964 முதல் இறக்குமதியாகும் சிறு சரக்கு வண்டிகளுக்கு 25 சதவீத வரி விதித்தது. ஃபோக்ஸ்வேகனின் சரக்கு வேனும் பிக்-அப்பும் அதில் சிக்கின. சன்னல் வைத்த பயணிகள் வேன் தப்பித்தது. அமெரிக்கச் சாலையில் அதற்குப் பிந்தைய அசல் சரக்கு வேன்கள் அரிதாக இருப்பதற்கு இது ஒரு காரணம். கோழி வரி இன்றும் நீங்கவில்லை.

சன்னல் என்றதும், இந்தச் சந்தையில் சன்னலுக்குத்தான் காசு என்பதைச் சொல்லியாக வேண்டும். பதினொரு சன்னல் வண்டிக்கு ஒரு விலை. பதின்மூன்றுக்கு ஒரு விலை. இருபத்தொன்று, இருபத்து மூன்று என்று போகும்போது விலை பல மடங்காகிறது. 1963-க்குப் பின் பின்கதவை அகலப்படுத்தியபோது மூலையில் இருந்த இரண்டு வளைந்த கண்ணாடிகள் போய்விட்டன. 23 இருபத்தொன்றானது அதனால்தான். எண்ணிக்கையில் இவ்வளவு பணம் இருந்தால் கத்தரிக்கோல் சும்மா இருக்குமா? சாதாரண வேனின் கூரையை அறுத்து, எட்டுக் கண்ணாடி பதித்து, துணிக்கூரை மாட்டி, 'சம்பா' என்று விற்பவர்கள் உண்டு. ஆகவே இங்கே ரிஷிமூலம் பார்த்தே ஆகவேண்டும். முன் இருக்கைக்குப் பின்னால் ஒரு சின்னத் தகடு இருக்கும். ஆலையில் எந்த ரகமாகச் செய்தார்கள், என்ன நிறம், எந்தத் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் அதில் எண்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும். வுல்ஃப்ஸ்பர்க்கில் உள்ள அருங்காட்சியகம் பழைய பதிவேடுகளைப் பார்த்து வண்டிக்குப் பிறப்புச் சான்றிதழ் தருகிறது. தகடும் சான்றிதழும் எஞ்சின் எண்ணும் ஒத்துப்போனால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. நிலப் பத்திரத்துக்கு வில்லங்கம் பார்ப்பவர்களுக்கு இந்தப் பதற்றம் புதிதில்லை.

அடுத்தது உடல். விவரம் தெரிந்தவர் பார்க்க வந்தால் பெயின்ட்டின் பளபளப்பைக் கண்டுகொள்ள மாட்டார். துணி சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு குனிவார். பக்கவாட்டில் கதவுக்குக் கீழே ஓடும் அடிவிளிம்பு, சக்கர வளைவு, ஜாக்கி வைக்கும் இடம், பின்னால் பேட்டரி உட்காரும் தட்டு, மழைநீர் வழியும் கூரைவிளிம்பு, முன்கண்ணாடிக்குக் கீழ்ப்பகுதி: துரு குடியேறும் இடங்கள் இவை. காந்தம் ஒட்டாமல் நழுவினால் உள்ளே தகடு இல்லை, பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, அடிச்சட்டத்திலிருந்து பக்கவாட்டுக்கு நீளும் கைகளை ஸ்க்ரூ டிரைவரால் தட்டுவார். 'டங்' என்று கேட்டால் நல்லது. 'பொத்' என்று உள்ளே இறங்கினால் வெல்டிங் செலவு காத்திருக்கிறது. எஞ்சின் பக்கம் போனால் முதலில் பெட்ரோல் குழாயைத் தொட்டுப் பார்ப்பார். வெப்பத்தில் வெடித்த பழைய ரப்பர் குழாயிலிருந்து சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டி, எரிந்துபோன வேன்கள் நிறைய.

இதில் பலரும் ஏமாறுவது டிங்கரிங் கணக்கில்தான். மலிவாகக் கிடைத்தது என்று துருப்பிடித்த கூட்டை வாங்கிவிடுவார்கள். பாகம் பாகமாகத் தகடு வாங்கி, வெட்டி, ஒட்டி, நேராக்கி, பெயின்ட் அடிப்பதற்குள் நூற்றுக்கணக்கான மணிநேரக் கூலி ஏறிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். விளம்பரங்களில் நாம் பார்க்கும் மிரட்டும் விலையில் பெரும்பகுதி இந்தக் கூலிதான். 50,000 பவுண்டுக்கு விற்பவர் 50,000 பவுண்டு லாபம் பார்க்கிறார் என்று நினைக்க வேண்டாம். செலவழித்ததில் பாதி திரும்பினால் போதும் என்று விற்பவர்களும் அதில் இருக்கிறார்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். இந்த ஒப்பீடு அதிகம் நடப்பது பிரிட்டனில் என்பதால் அங்கேயே நின்று பேசுகிறேன். பென் பான் படம் கிறுக்கிய அதே 1947-இல், ஆகஸ்ட் மாதம், பிரிட்டனில் நகர், ஊரகத் திட்டமிடல் சட்டம் நிறைவேறியது. அதன்பின், நிலம் உங்களுடையதாக இருந்தாலும் அதில் வீடு கட்டும் உரிமையை உள்ளாட்சி தந்தால்தான் உண்டு. நகரைச் சுற்றிய பசுமை வளையங்கள் அந்தச் சட்டத்தின் பிள்ளைகள். காடும் வயலும் காப்பாற்றப்பட்டன. வீடு கட்ட அனுமதி பெற்ற மனைக்கு மட்டும் தங்க விலை வந்தது. பிரிட்டனின் தேசிய புள்ளியியல் அலுவலகம் 2016-க்குப் போட்ட கணக்கில், நாட்டின் நிகரச் செல்வத்தில் பாதிக்கும் சற்று மேலானது வெறும் நிலத்தின் மதிப்பு. வீடு விலை ஏறுகிறது என்று நாம் சொல்லும்போது செங்கல்லும் ஓடும் விலை ஏறுவதில்லை. அவை வேனைப் போலவே பழசாகிக்கொண்டுதான் இருக்கின்றன. ஏறுவது அடியில் உள்ள மண்.

இதற்கு நல்ல சாட்சி, தெற்குக் கடற்கரையில் மடிஃபோர்டு மணல்திட்டில் நிற்கும் மரக்குடில்கள். பிரிட்டிஷ்காரர்கள் கடற்கரையில் பாய், நாற்காலி, தேநீர்க் கெட்டில் வைத்துக்கொள்ளும் சின்ன அறைகள் அவை. குழாய்த் தண்ணீர் உள்ளே வராது. குளிப்பதற்கும் கழிப்பதற்கும் பொதுக்கட்டடம். இரவு தங்கவும் ஆண்டில் சில மாதங்கள்தான் அனுமதி. மண் கவுன்சிலுடையது, குடிலுக்கு இடம் வைத்துக்கொள்ளும் உரிமம் மட்டுமே கைமாறுகிறது. இந்தக் குடில்கள் மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல் விற்றிருக்கின்றன. பிரிட்டனின் சராசரி வீட்டு விலை இப்போது சுமார் 2,70,000 பவுண்டு. குடிலைப் பிரித்து மரத்தை லாரியில் ஏற்றி வேறிடத்தில் இறக்கினால் விறகு விலைதான் கிடைக்கும். வேன் இதற்கு நேர் எதிர்: அதன் அடியில் ஒரு பிடி மண்கூட இல்லை. எங்கே ஓட்டிப் போனாலும் அதே விலை. எனக்கென்னவோ, வீட்டை விஞ்சும் குடிலைவிட வீட்டை விஞ்சும் வேன் நேர்மையானதாகத் தோன்றுகிறது. வேனுக்குத் தரும் பணம் குறைந்தபட்சம் ஒரு பொருளுக்குப் போகிறது.

மண் இல்லாத பொருளுக்கு வங்கி நீண்ட காலக் கடன் தராது. வேனுக்கும் வீட்டுக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் இதுதான், ஒப்பீட்டுச் செய்திகளில் இது வருவதே இல்லை. சராசரி வீட்டை வாங்குபவர் அதன் முழு விலையைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குவதில்லை. பத்திலொரு பங்கோ ஐந்திலொரு பங்கோ முன்பணம் கட்டி, மிச்சத்தை இருபத்தைந்து முப்பது ஆண்டுக் கடனாக வாங்குகிறார். ஆக, வீட்டு விலை என்பது வங்கி எவ்வளவு கடன் தரத் தயார் என்பதைச் சார்ந்தது. வட்டி குறைந்தால் அதே மாதத் தவணையில் பெரிய கடன் கிடைக்கும். பெரிய கடன் கிடைத்தால் விலை ஏறும். பழைய வேனுக்கு இருபத்தைந்து ஆண்டுக் கடன் தர எந்த வங்கியும் முன்வராது. அதை வாங்குகிறவர் பெரும்பாலும் ரொக்கம் வைத்திருப்பவர்.

ரொக்கம் யாரிடம் இருந்தது? 1997-இல் இங்கிலாந்தில் ஒரு வீட்டின் விலை, முழுநேர ஊழியரின் ஆண்டுச் சம்பளத்தைப் போல் மூன்றரை மடங்கு. 2021-இல் அது ஒன்பது மடங்கு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வீடு வாங்கியவர்கள் ஒன்றும் செய்யாமலே பணக்காரர்களானார்கள். 1970 வாக்கில் பிரிட்டனில் சராசரி வீடு ஐயாயிரம் பவுண்டுக்குள் கிடைத்தது. அன்று வாங்கியவர் கடனை எப்போதோ அடைத்திருப்பார். பிள்ளைகள் வெளியேறியபின் பெரிய வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்குப் போனால் கையில் பெருந்தொகை நிற்கும். விற்க மனமில்லாவிட்டால் வீட்டின் மதிப்பை ஈடாகக் காட்டிப் பணம் எடுக்கும் திட்டங்கள் இருக்கின்றன.

அதோடு 2009 மார்ச்சில் பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி தன் வட்டியை அரை சதவீதத்துக்கு இறக்கியது. அதன்பின் பத்தாண்டுக்கும் மேல் சேமிப்புக் கணக்கில் போட்ட பணம் தூங்கியது. 2015 ஏப்ரலில், ஐம்பத்தைந்து வயது கடந்தவர்கள் தங்கள் ஓய்வூதிய நிதியை மொத்தமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் தளர்ந்தது. திட்டத்தை அறிவித்தபோது, எடுத்த பணத்தில் லம்போர்கினி வாங்கினால் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அது அவரவர் விருப்பம் என்ற பொருளில் ஓய்வூதியத் துறை அமைச்சர் ஸ்டீவ் வெப் பதில் சொல்லி மாட்டிக்கொண்டார். லம்போர்கினி வாங்கியவர்கள் அரிது. இளமையில் தூரத்திலிருந்து பார்த்து ஏங்கிய வேனை வாங்கியவர்கள் கணிசம். வேனைத் தொட்ட பணம் இப்படி வீட்டிலிருந்தும் ஓய்வூதியத்திலிருந்தும் கிளம்பி வந்ததுதான்.

வரியும் கை கொடுத்தது. குடியிருக்கும் வீட்டை விற்று வரும் லாபத்துக்கு பிரிட்டனில் மூலதன ஆதாய வரி இல்லை. சொந்தக் காரை விற்று வரும் லாபத்துக்கும் இல்லை. கார் என்றால் தேய்ந்து மதிப்பிழக்கும் பொருள் என்பது சட்டத்தின் பழைய அனுமானம். நாற்பது வயது தாண்டிய வண்டிக்குச் சாலை வரி இல்லை. 2018 மே முதல், பெரிய மாற்றங்கள் செய்யாத அப்படிப்பட்ட வண்டிக்கு ஆண்டுத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. லண்டன் முழுவதும் விரிந்த புகைக் கட்டண வளையம்கூட இதைத் தொடாது. பதினைந்து வயது டீசல் காரில் வேலைக்குப் போகிற தாதி நாளொன்றுக்குக் கட்டணம் கட்டுகிறார். அறுபது வயது வேனில் உலாப் போகிறவர் கட்டுவதில்லை. விதியை எழுதியவர்களுக்குப் பழைய வண்டிகள் சொற்பம் என்ற நியாயம் இருந்தது. சந்தைக்கு அது இன்னொரு சலுகையாகப் போய்ச் சேர்ந்தது.

பணம் பெரியவர்களிடம், வீட்டு ஏக்கம் இளையவர்களிடம். ஆகவே வேனை முழு வீட்டோடு ஒப்பிடுவதைவிட வீட்டின் முன்பணத்தோடு ஒப்பிடுவதுதான் பொருத்தம். பிரிட்டனில் முதல் வீடு வாங்குபவர்கள் சராசரியாகக் கட்டும் முன்பணம் ஐம்பதாயிரம் பவுண்டுக்கு மேல். நன்றாகச் சீர்செய்த பிரிந்த கண்ணாடி வேனுக்கும் ஏறக்குறைய அதே தொகைதான் கேட்கிறார்கள். முப்பது வயதில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஆறேழு ஆண்டுகளாகச் சேர்க்கும் ஒரு தம்பதி, பக்கத்துத் தெருவில் வாரம் ஒருமுறை துடைத்துத் திரும்ப மூடிவைக்கப்படும் வண்டியைப் பார்க்கும்போது உறுத்துவது இந்தச் சமன்பாடு. அவர்களின் வீடு அங்கே தார்ப்பாய்க்குள் நிற்கிறது.

வீடு வாங்க முடியாதவர்கள் வேனில் குடியேறுகிறார்களே என்று கேட்கலாம். குடியேறுகிறார்கள். பிரிஸ்டல் நகரில் நூற்றுக்கணக்கானவர்கள் தெருவோர வண்டிகளில் வசிக்கிறார்கள். கவுன்சிலுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அது தீராத வழக்கு. ஆனால் அந்த வரிசையில் ஒரு சம்பாவைக்கூடப் பார்க்க முடியாது. கூரியர் நிறுவனம் கழித்துவிட்ட ஃபோர்டு டிரான்சிட், மெர்சிடிஸ் ஸ்பிரின்டர், வீட்டுச் சாமான் ஏற்றும் பெட்டி லாரி, சக்கரம் இறங்கிய கேரவன் என்றுதான் நிற்கும். பிளைவுட் அடித்து, ஒரு சூரியத்தகடு மாட்டி, மழைக்காலத்தில் உள்ளே படரும் ஈரத்தோடு மல்லுக்கட்டி வாழ்கிறார்கள். 1951-இல் வெஸ்ட்ஃபாலியா பெட்டி செய்த வேலையை இன்று செய்வது இந்த வண்டிகள்தான். சொன்னால் நம்புவது கடினம், ஆனால் குடியிருக்கும் வேன் விலை மலிவு. குடியிருக்காத வேன்தான் விலை அதிகம்.

வேன் உண்மையிலேயே வீட்டைத் தோற்கடிக்கும் இடங்களும் உண்டு. அங்கே தோற்றது வீடல்ல, ஊர். வடகிழக்கு இங்கிலாந்தின் டரம் மாவட்டத்தில் ஹோர்டன் என்ற ஊர். கடலுக்கடியில் நிலக்கரி வெட்டிய சுரங்கம் 1987-இல் மூடியது. சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள் அங்கே ஏலத்தில் ஒரு சுமாரான கேம்பர் வேனின் விலைக்குள் போயிருக்கின்றன. ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரசபையும் லிவர்பூல் நகரசபையும் 2013-இல் பாழடைந்த வீடுகளை ஒரு பவுண்டுக்கு விற்றன. வாங்கியவர் தம் செலவில் சீர்செய்து அதிலேயே குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. டெட்ராய்ட்டில் 2008 டிசம்பரில் விற்ற வீடுகளின் இடைநிலை விலை 7,500 டாலர். வேலை போன ஊரில் மண்ணுக்கு விலை இல்லை. மண்ணுக்கு விலை இல்லாதபோது வீட்டுக்கு மிஞ்சுவது செங்கல்லின் தேய்ந்த மதிப்பு மட்டும்தான். ஹோர்டன் வீட்டை லண்டனுக்கு ஓட்டிப் போக முடியுமென்றால் அதுவும் கோடிகளில் விற்கும். வேனால் முடிகிறது.

பிரேசில் கதையையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். ஜெர்மனி 1979-இல் கைவிட்ட இரண்டாம் தலைமுறை வேனை பிரேசில் ஆலை 'கோம்பி' என்ற பெயரில் 2013 வரை செய்துகொண்டே இருந்தது. காற்றுப்பையும் ஏ.பி.எஸ். பிரேக்கும் 2014 முதல் கட்டாயம் என்ற விதி வந்ததும் நிறுத்தினார்கள். அதாவது, பெருநகரங்களின் அடுக்ககம் விலைக்கு ஒரு சாரார் இந்த வண்டியை ஏலம் கேட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சாவோ பாவ்லோவில் காய்கறி வியாபாரி அதைப் புத்தம் புதிதாக வாங்கி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். பிரிட்டனின் டான்பரி நிறுவனம் அவற்றை இறக்குமதி செய்து கேம்பராக மாற்றி விற்றது. தோற்றம் அச்சு அசல், பாகங்கள் புதிது, துரு இல்லை. இருந்தும் சேகரிப்பவர்கள் முகம் சுளித்தார்கள். தண்ணீரால் குளிரும் எஞ்சினாம், ஜெர்மனியின் ஹானோவர் ஆலையில் பிறக்கவில்லையாம். பயன்பாட்டுக்கும் விலைக்கும் இருந்த கடைசி உறவும் அறுந்த இடம் இது.

ஃபோக்ஸ்வேகனே 2022-இல் பழைய சாயலில் ஐ.டி. பஸ் என்ற மின்சார வேனைக் கொண்டுவந்தது. 2024-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது அதன் தொடக்க விலை 59,995 டாலர். சரக்கு வண்டியின் பேரன் சொகுசுக் காராகிவிட்டான். பிளம்பர் யாரும் அதை வாங்கிக் குழாய் ஏற்றப்போவதில்லை என்று நினைக்கிறேன், சரக்கு ரகம் தனியாக இருந்தாலும்.

2023 ஆகஸ்டில் இங்கிலாந்து வங்கியின் வட்டி 5.25 சதவீதத்தைத் தொட்டது. சேமிப்புக் கணக்கில் மீண்டும் வட்டி கிடைக்கத் தொடங்கியதும் வேனில் பணத்தை நிறுத்திவைக்கும் அவசரம் தணிந்தது. ஆவணம் சுத்தமான சம்பாக்கள் இன்னும் தம் இடத்தில் நிற்கின்றன. நடுத்தர ரகங்கள், பட்டி பூசியவை, பாதி சீர்செய்து கைவிட்டவை எல்லாம் விளம்பரத்தில் மாதக்கணக்கில் கிடக்கின்றன. விலையைக் குறைக்கவும் மனமில்லை. ஆகவே வேன் விலை குறித்த செய்தியைப் படிக்கும்போது, அது கேட்கும் விலையா விற்ற விலையா என்று முதலில் பார்ப்பது நல்லது. இரண்டுக்கும் நடுவே சில சமயம் பத்தாயிரம் பவுண்டு நிற்கும்.

வாங்குகிறவர்களின் வயதும் ஏறுகிறது. குறைந்த குதிரைத்திறனில் மேடேறவும், பவர் ஸ்டீயரிங் இல்லாத அந்தப் பெரிய சக்கரத்தைத் திருப்பவும் எழுபது வயதுத் தோள்களுக்கு முடிவதில்லை. இன்று நாற்பதுகளில் இருப்பவர்களின் சிறுவயது நினைவில் இருப்பது எண்பதுகளின் சதுர மூஞ்சி வேனும், 1990-இல் எஞ்சின் முன்னுக்கு வந்த நான்காம் தலைமுறை டி4 வேனும். பத்தாண்டுக்கு முன் கட்டட மேஸ்திரிகள் சிமென்ட் ஏற்றிய டி4-களைச் சிலர் இப்போதே கழுவிப் பாலீஷ் போட்டு, 'கிளாசிக்' என்று எழுதி விளம்பரம் கொடுக்கிறார்கள்.